பழைய குருடியும் மீள்குடியேற்றமும்

மார்ச் 2, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

குடியையோ புகையையோ விட்ட ஒருவர் சில மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறார். இதற்கு ஒரு சொல் வேண்டும். மருத்துவமனைப் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘மீள்வீழ்ச்சி’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “யார், எங்கே விழுந்தது?” என்று கேட்டார். விளக்கினேன். “ஓ, பழைய குருடி கதவைத் திறடியா” என்றார். எது சரி? அந்தக் குருடி யார்?

மார்ச் 2, இரவு 9.40

அம்மா சொன்னதுதான் சொல். படிவத்தில் எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

‘மீள்வீழ்ச்சி’ என்று கண்டால் நான் தேங்காய் விலை என்று நினைப்பேன். பழைய குருடிக்கு அந்தக் குழப்பம் இல்லை. வட இலங்கையில், எங்கள் வன்னியில், முழுப் பழமொழியையும் யாரும் சொல்லி முடிப்பதில்லை. “ஆள் எப்படி?” என்று கேட்டால் “பழைய குருடிதான்” என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினால் போதும், கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நாளும் குடியை விடாதவனைப் பற்றி இதைச் சொல்வதில்லை. இடையில் கொஞ்சக் காலமாவது அவன் திருந்தியிருக்க வேண்டும், பார்த்தவர்கள் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை உடைந்த சத்தம்தான் இந்தப் பழமொழி. மனிதருக்கு மட்டும் என்றும் இல்லை. திருத்திய வீதி ஒரு மாரியில் குழியானாலும் பழைய குருடிதான்.

எனக்கு இதில் பேச உரிமை உண்டு. சுருட்டை விட்டு இன்றோடு நான்கு மாதமும் பதினொரு நாளும். எண்ணிக்கொண்டா இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 3, காலை 6.15

இரவு முழுக்க இந்த ‘மீள்’ உறுத்தியது.

மீள்வது என்றால் கெட்டதிலிருந்து வெளியே வருவது. நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான், அடகு வைத்த நகையை மீட்டான். அப்படிப்பட்ட சொல்லைக் கொண்டுபோய் வீழ்ச்சிக்கு முன்னால் கட்டினால், ஏறியவனையும் இறங்கியவனையும் ஒரே கயிற்றில் கட்டியது போல இருக்கிறது. ‘மீண்டும்’ என்ற பொருளில்தான் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். கணக்குப் புத்தகத்தில் அது சரி. காதுக்குச் சரியில்லை.

அதிலும் எங்கள் காதுக்கு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் ‘மீள்’ இல்லாமல் ஒரு காகிதம் கையில் வந்ததில்லை. மீள்பதிவு, மீள்பரிசீலனை, எல்லாவற்றுக்கும் தலைவனாக மீள்குடியேற்றம்.

மார்ச் 3, இரவு

மீள்குடியேற்றம் என்று எழுதியதும் பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார். அதைச் சொல்லாமல் நகர முடியாது.

போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்த காலம் முழுக்க அவர் குடிக்கவில்லை. புண்ணியத்தால் அல்ல. முள்வேலிக்குள் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் முகம் தெளிந்துவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது. குடிநீர் வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுத்தார். கள்ளுண்ணாமை அவருக்கு மனப்பாடம். 93ஆம் அதிகாரம், 921இலிருந்து 930வரை. குடித்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார்.

2010இல் ஊருக்கு விட்டார்கள். ஊர் என்றால் வீடு இல்லை. கிணற்றுக்கட்டும் ஒரு தென்னை மரமும் மிஞ்சியிருந்தன. கிடைத்த தகரங்களைப் போட்டுக் கொட்டில் அமைத்தோம். மூன்று மாதம் இருக்கும். காட்டுக்கரையில் யாரோ பரலைப் புதைத்துச் சீனியும் ஈஸ்டும் போட்டுக் கசிப்புச் சாராயம் காய்ச்சக் கோடா ஊறவைக்கிறார்கள் என்று கதை வந்தது. அடுத்த கிழமை பெரியப்பா வரம்பிலே நடந்து வருகிறார், ஒரு கால் வரம்பில், மறு கால் வயலில். எதிரே சைக்கிளில் வந்த எங்கள் அயலவர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஐயாவுக்கு இன்றைக்குத்தான் மீள்குடியேற்றம் முடிந்திருக்கிறது.”

அவ்வளவுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் ஒருவர் விட்ட குடியைத் திரும்பத் தொட்டால் ‘மீள்குடியேறிவிட்டார்’ என்றுதான் பேச்சு. குடி என்றால் குடும்பம், குடி என்றால் கசிப்பு. ஏற்றம் என்றால் குடியமர்த்துவது, ஏற்றம் என்றால் தலைக்கு ஏறுவது. எந்த மொழிபெயர்ப்பாளர் இதைச் செய்வார்?

மார்ச் 4

சிறு குறிப்பு. கள்ளு விற்கும் இடத்துக்கு எங்கள் பக்கம் தவறணை என்று பெயர். தவறுகளை அணைத்துக்கொள்ளும் இடம் என்பதால் வந்த பெயர் இது. பழக்கத்துக்குத் திரும்புவதைத் ‘தவறணைதல்’ என்று சொல்லலாமே என்று தோன்றுகிறது.

மார்ச் 4, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியது பிழை. மகள் வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். தவறணை ஐரோப்பியர் கொண்டுவந்த சொல்லாம், போர்த்துக்கேயத்தில் தவேர்னா. தவறும் இல்லை, அணையும் இல்லை. ஐம்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 6

வேதாளத்தை ஏன் விட்டேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது.’ அதுவும் இதே வேலைக்குத்தான், ஆனால் இடம் கொஞ்சம் வேறு. பிடிவாதத்துக்கும் சண்டைக்கும் வேதாளம் பொருந்தும். சமாதானமான மருமகள் மறுபடி முகத்தைத் தூக்கினால் அது வேதாளம். குடிக்கும் புகைக்கும் குருடி. என் காதுப் பிரிவினை இது. உங்கள் ஊரில் மாறலாம்.

ஆனால் அந்தக் கதையை இன்று பேரனுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனித்தேன். அரசன் பிணத்தைத் தோளில் தூக்கிவருகிறான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் பறந்துவிடும். அரசன் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறான், அது ஒவ்வொரு முறையும் மரம் ஏறுகிறது. கடைசிக் கதைக்கு அவனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அன்றைக்குத்தான் அது இறங்கிய இடத்தில் நிற்கிறது.

அதாவது வேதாளத்தை மரத்தில் ஏற்றிவிட்டதே புத்திமதிதான். இதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். “சுருட்டைப் பற்றி இனி நான் பேசக் கூடாது, அதுதானே?” என்றாள்.

மார்ச் 6, பின்னிணைப்பு

பேரன் கேட்ட கேள்வி: முருங்கைக் கொப்பு நாலு காய்க்கே முறியுமே, பிணம் எப்படித் தொங்கியது? வடமொழிக் கதையில் அது சிம்சபா மரம், வைரம் பாய்ந்தது. தமிழில் முருங்கை ஆகிவிட்டது. பேயை முருங்கையில் குடிவைப்பது நம்மவர் வழக்கம். அப்படித்தான் வந்திருக்கும் என்று சமாளித்தேன்.

மார்ச் 9

ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். பார்வையற்றவர்களை இழிவாகப் பேசும் பழமொழி இது, பொது இடத்தில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள் என்று. பதில் சொல்ல இரண்டு நாள் பிந்தியதற்குக் காரணம் உண்டு. எனக்கும் இது ஒருமுறை நடந்திருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். கடைசிச் சண்டையில் செல் விழுந்து இரண்டு கண்ணும் போனவர். ஓலைப் பெட்டி இழைப்பார். விரல்தான் பார்க்கும். சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே யாருடையது என்று சொல்லிவிடுவார். என்னுடையது செயின் கவர் அடிக்கும் சைக்கிள்.

நாலைந்து வருடத்துக்கு முன் அவர் முற்றத்தில் இருந்து ஒரு பொடியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மறுவாழ்வு நிலையத்தில் இருந்து வந்து ஆறு மாதம் ஒழுங்காக இருந்தவன். என் வாயில் வந்துவிட்டது: “பழைய குருடி கதவைத்…” பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஓலை கீறும் சத்தமும் நின்றுவிட்டது.

அக்கா சொன்னார்: “முழுதாகச் சொல்லுங்கள் அண்ணை. அதில் குருடி என்ன பிழை செய்தாள்? நடுச்சாமத்தில் வந்து தட்டுகிறவன் அவன். அவள் பாவம், எழும்பி வந்து திறக்கிறாள்.”

பிறகு ஓலையை எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று முகம் கொடுக்க முடியவில்லை. அதனால் அவர் சொன்னதை யோசிக்கவும் இல்லை. இந்தக் கேள்வி-பதில் வந்திருக்காவிட்டால் யோசித்திருக்கவே மாட்டேன்.

கடிதம் எழுதியவருக்கு: நீங்கள் சொல்வது சரி. ஒருவர் முகத்துக்கு முன்னால் சொல்லக் கூடாத சொல் இது. ஆனால் அக்கா அதை எனக்குத் திருப்பித் தந்த விதமும் எழுதப்பட வேண்டும்.

மார்ச் 10, அதிகாலை

நித்திரை இல்லை.

‘திறடி’ என்பது ஏவல். யாரோ ஒருவர் வெளியே நின்று அவளைக் கூப்பிடுகிறார். அப்படியானால் ‘பழைய குருடி’ என்பது திரும்பக் கெட்டவனின் பெயரே இல்லை! உள்ளே இருப்பவளின் பெயர். நாம் எல்லோரும் குடிகாரனைக் காட்டிக் “அவன் பழைய குருடி” என்று ஆளை மாற்றிச் சொல்லிவந்திருக்கிறோம். முதல் குறிப்பில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது பெரியம்மா.

வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்துவந்து விளக்கேற்றுவார்கள். உப்புநீரில் விளக்கெரியும் அந்த ஒரு கிழமையும் பெரியப்பா தொடமாட்டார். சண்டைக்கு முன்பிருந்தே அப்படி. நேர்த்திக்கடன். வேட்டி வெளுத்து, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு வேளைச் சாப்பாடு. திங்கள் பொங்கல். செவ்வாய் இரவு படலையில் சத்தம் கேட்கும். எங்கள் படலைக்குக் கம்பி வளையம் போட்டுத்தான் பூட்டு. வெறியில் அவருக்கு வளையம் கழற்ற வராது. ஆட்டிக்கொண்டே நிற்பார்.

பெரியம்மா குப்பி விளக்கை எடுத்துக்கொண்டு எழும்புவார். கொண்டையை முடிந்துகொண்டே முணுமுணுப்பார்: “பழைய குருடி, படலையைத் திறவடி.”

நான் சின்னப் பையன், பாயில் கிடந்து கேட்டிருக்கிறேன். பெரியப்பாவைத் திட்டுகிறார் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன்.

மார்ச் 11

மேலேயுள்ளதில் ஒரு திருத்தம். ஒவ்வொரு வருடமும் செவ்வாயே என்று இல்லை. ஒரு வருடம் வெள்ளிவரை தாங்கினார். அதையும் சொல்லாவிட்டால் மனிதனுக்கு அநியாயம்.

மார்ச் 13

ஒருவர் மலேரியாவைக் கொண்டுவந்திருக்கிறார். பேச்சு வழிதவறுகிறது, ஆனால் வன்னியில் இருந்துகொண்டு மலேரியாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வைவாக்ஸ் வகைக் கிருமி, காய்ச்சல் விட்ட பிறகும் ஈரலில் உறங்கிக் கிடக்கும். நுளம்பு மறுபடி கடிக்காமலே மாதக்கணக்கில் கழித்து எழும்பும். அதை அழிக்கத்தான் காய்ச்சல் நின்ற பிறகும் பதினான்கு நாள் பிரைமாகுயின் விழுங்கச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் ஐந்தாம் நாள் குளிசையைக் கூரை இறப்பில் செருகிவிட்டு வயலுக்குப் போனவர்கள்.

நாடே அப்படிச் செய்திருக்கிறது. 1963இல் இலங்கை முழுவதிலும் பதினேழு பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று மருந்து தெளிப்பை விட்டார்கள், தேடுவதையும் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிறகு 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்று, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இன்னும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பதினேழை மறக்கவில்லை போலும்.

சுருட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், உறங்கிக் கிடப்பதுதான். இன்றைக்கு நான்கு மாதமும் இருபத்திரண்டு நாளும்.

மார்ச் 19

எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திக் கடைக்குப் போனேன். அரைக் கிலோ சீனி, ஒரு பைக்கற் தேயிலை. மழை இருட்டு. கடைக்காரர் பேப்பரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சைக்கிள் செயின் கவர் அடித்த சத்தத்துக்கே “வாருங்கள்” என்றார், தலையை நிமிர்த்தவில்லை. சீனியைச் சரையில் கட்டினார். தேயிலையை வைத்தார். பிறகு அவருடைய இடது கை, கண் பேப்பரில் இருக்க, தானாகப் பின்னால் போனது. மூன்றாம் தட்டு, பிஸ்கற் டின். மூடியைப் பெருவிரலால் தள்ளி இரண்டு சுருட்டை எடுத்துச் சீனிச் சரைக்கு மேல் வைத்தது.

நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நெருப்புப்பெட்டியும் அவரே நீட்டினார். கடை வாசலில் நின்று பற்றவைத்தேன். முதல் இழுவையில் இருமல். இரண்டாவதில் இருமல் இல்லை. அந்த இரண்டாவது இழுவைதான் எனக்குப் பயம்.

கதவு திறந்த விதத்தைக் கவனியுங்கள். பார்க்காமலே திறந்தது. அந்தப் பழமொழியைக் கட்டியவருக்கு ‘குருடி’ எங்கிருந்து கிடைத்தாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பழகிய கைக்குக் கண் தேவையில்லை. வேறு விளக்கம் இருக்கலாம். நான் இதைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன்.

மார்ச் 19, இரவு

கடைக்காரர் மேல் பழி போடுகிறேன் என்று அதற்குள் எழுதிவிட்டார்கள். இல்லை ஐயா. தட்டியது என் சைக்கிள்தான். அக்காவும் அதைத்தான் சொன்னார்.

மார்ச் 21

இதைச் சறுக்கல் என்று எண்ணுவதா, பழைய குருடி என்று எண்ணுவதா? வீட்டில் வழக்கு நடக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கிய யானை எழும்பி நடக்கும் என்பது என் கட்சி. ஒரு நாள், இரண்டு சுருட்டு. மகள் கேட்கிறாள்: “இரண்டாவது சுருட்டு எப்போது பற்றவைத்தீர்கள் அப்பா?” திங்கட்கிழமை. அப்படியானால் இரண்டு நாள்.

இந்தப் பிரிவு பயனுள்ளது என்பதால் எழுதுகிறேன். ஒருமுறை கால் பிசகுவது சறுக்கல். பழைய நேரம், பழைய இடம், பழைய கூட்டு எல்லாம் வந்து சேர்ந்தால் பழைய குருடி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஒருமுறை சறுக்கியவன் “எல்லாம் போய்விட்டது, இனி என்ன” என்று முழுதாக இறங்கிவிடுவான். பெரியப்பா அப்படித்தான். செவ்வாய் ஒரு கிளாஸ் குடித்தால் அடுத்த வைகாசிவரை கணக்கில்லை.

மனைவி எதுவும் சொல்லவில்லை. வேதாளக் கதையை நான்தான் வாசித்துக் காட்டினேன். இப்போது அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 24

முதலில் கேட்டவர் பொறுமையாகத் திரும்பி வந்திருக்கிறார்: “எல்லாம் சரி, படிவத்தில் என்ன எழுதுவது?”

சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியமாக எழுதுங்கள். ‘விட்ட பிறகு மறுபடியும் தொடங்கினீர்களா?’ அதற்குக் கீழே, ‘ஒருமுறையா, தொடர்ந்தா?’ எழுத்தறியாத கிழவிக்கும் வாசித்துக் காட்டலாம். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் சிலர் ‘பின்மாற்றம்’ என்பார்கள். அது விசுவாசத்தை விட்டவருக்குப் பொருந்தும், சுருட்டுக்காரனுக்குப் பெரிய சட்டை. ‘மீள்வீழ்ச்சி’யை விட்டுவிடுங்கள், உங்கள் அம்மாவுக்காகவாவது.

இடம் இருந்தால் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: ‘மறுபடி தொடங்கிய அன்று பக்கத்தில் யார் இருந்தார்கள்?’

மார்ச் 30

கேட்டவர்களுக்காக: பதினொரு நாள். முதலிலிருந்து எண்ணுகிறேன்.

நேற்றுத் தேயிலைக்குப் போனேன். சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கி, செயின் கவர் அடிக்காமல் தூக்கிக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “யாரோ புது ஆள் என்று நினைத்தேன்” என்றார்.

மார்ச் 30, திருத்தம்

மகள் கணக்குப் பார்த்தாள். பத்து நாள். செவ்வாயன்றும் ஒன்று இருந்திருக்கிறது.